தொழில் இணையதளத்துக்கு எந்த ஹோஸ்டிங் எடுத்தீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொள்ளாச்சி, தென்னை நார் ஏற்றுமதி:

எங்கள் தளத்தில் இருப்பதே ஏழெட்டுப் பக்கம்தான். பித் (நார்த்தூள்) கட்டி, கயிறு, ஒரு கன்டெய்னரில் எவ்வளவு ஏறும் என்கிற விவரம், தொடர்பு எண், அவ்வளவுதான். வந்து பார்ப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதற்கும் விபிஎஸ் (சர்வரில் நமக்கென்று ஒதுக்கிய பங்கு) வேண்டும், கிளவுட் வேண்டும் என்று கொட்டேஷன் கொடுத்தவர்கள் உண்டு. நாங்கள் பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்தான் எடுத்தோம், இன்று வரை போதுகிறது.

தொல்லை வந்தது மெயிலில். ஹோஸ்டிங்கோடு இலவசமாகக் கிடைத்த மெயிலில் புரோஃபார்மா இன்வாய்ஸ் அனுப்பினால், நெதர்லாந்தில் இருக்கும் பையருக்கு நேராக ஸ்பேமில் போய் விழும். ஷேர்டு சர்வரில் பல தளங்களுக்கு ஒரே ஐபி முகவரி. அதில் இருந்த யாரோ ஒருவர் குப்பை மெயிலாக அனுப்பித் தள்ள, அந்த ஐபியே தடைப்பட்டியலில் ஏறியிருந்தது. தளத்தை அங்கேயே விட்டுவிட்டு மெயிலை மட்டும் கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு மாற்றினோம். டொமைனில், மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றி, மெயில் எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் சேர்த்த பிறகு பிரச்சினை இல்லை. தளமும் மெயிலும் ஒரே கம்பெனியிடம் இருந்தாக வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது.

ஆரணி, பட்டுச் சேலை, ஆன்லைன் விற்பனை:

பொள்ளாச்சிக்காரர் சொல்வது அவர் தொழிலுக்குச் சரி. எங்களுக்கு அது ஒத்துவரவில்லை.

எங்கள் கடை வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் மென்பொருள்) ஓடுகிறது. ஷேர்டு திட்டத்தில் ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தார்கள். சாதாரண நாட்களில் ஒரு குறையும் தெரியாது. ஆடித் தள்ளுபடிக்கு வாட்ஸப்பில் எல்லா வாடிக்கையாளருக்கும் லிங்க் போன உடனே தளம் விழுந்தது. திரையில் 508, ‘ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்ட்’. கூட்டம் கடை வாசலில் நிற்கிறது, ஷட்டர் மட்டும் திறக்கவில்லை!

சப்போர்ட்டில் கேட்டபோதுதான் விவரம் வந்தது. இடத்துக்கும் டேட்டாவுக்கும்தான் அன்லிமிடெட். ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி ப்ராசஸ் (பக்கத்தை உருவாக்கும் நிரல்) ஓடலாம் என்பதற்கு வரம்பு தனியாக இருக்கிறது. சில திட்டங்களில் அது வெறும் 20. படங்கள் உள்ள பக்கங்களை கேஷில், அதாவது தயார் நகலாக, வைத்துச் சமாளிக்கலாம். கார்ட், செக்அவுட் பக்கங்கள் ஆளுக்கு ஆள் மாறுவதால் அவற்றை கேஷ் செய்ய முடியாது. வாங்க வருகிறவர்தான் சர்வருக்குப் பாரம், வேடிக்கை பார்ப்பவர் இல்லை. சி-பேனலில் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) ‘என்ட்ரி ப்ராசஸ்’ என்று ஒரு கிராஃப் இருக்கும். திட்டம் மாற்றுவதற்கு முன் அதைப் பாருங்கள். நாங்கள் மேனேஜ்டு விபிஎஸ்ஸுக்குப் போனோம். கட்டணம் சில மடங்கு கூடியது. தீபாவளி வியாபாரம் தடங்கல் இல்லாமல் நடந்தது.

மதுரை, ஹார்டுவேர் கடை:

ஒன்றே ஒன்று சொல்கிறேன். விளம்பரத்தில் வருவது முதல் முறை விலை. ரினீவல் விலை அதைவிடப் பல மடங்கு இருக்கலாம், அதன்மேல் 18% ஜிஎஸ்டி வேறு. அப்புறம், டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால், ஹோஸ்டிங் மாற்றும்போது அவர் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.

கோவை, வலைத்தள வேலை:

ஆரணி நண்பர் ‘மேனேஜ்டு’ என்ற சொல்லை லேசாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் கணக்கில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. மேனேஜ்டு இல்லாத விபிஎஸ் மலிவாகக் கிடைக்கும், ஆனால் கையில் வருவது வெறும் லினக்ஸ். அப்டேட், ஃபயர்வால் எல்லாம் நம் தலையில். சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் பதிப்புக்கு ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அதே சர்வரில் பணம் வாங்கும் தளங்களை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கடைக்கு விபிஎஸ்ஸைவிட நல்ல ஷேர்டு எவ்வளவோ மேல்.

சர்வர் எந்த ஊரில் என்றும் கேளுங்கள். வாடிக்கையாளர் தமிழ்நாட்டில் என்றால் மும்பை சர்வர் போதும். அமெரிக்காவில் வைத்தால் ஒவ்வொரு முறை டேட்டா போய்வரவும் கால் நொடி அளவுக்குக் கூடுகிறது.

பேக்கப் விஷயம் இன்னும் முக்கியம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்தே போனது. சுமார் 36 லட்சம் தளங்கள் முடங்கியதாக இணையத்தைக் கண்காணிக்கும் நெட்கிராஃப்ட் நிறுவனம் கணக்கிட்டது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் சிலருக்கு இரண்டுமே போயின.

ஆரணி, பட்டுச் சேலை:

கோவைக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் சப்போர்ட்டுக்குப் போன் போட்டேன். “தினமும் பேக்கப் எடுக்கிறோம் சார், அதே சர்வர்லதான் இருக்கு” என்றார்கள். இப்போதைக்கு அப்டிராஃப்ட்பிளஸ் என்ற பேக்கப் பிளகின் போட்டு கூகுள் டிரைவுக்கு ஒரு நகல் போகும்படி செய்திருக்கிறேன். அதிலிருந்து தளத்தைத் திரும்ப எழுப்ப முடிகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். கடையை நிறுத்தாமல் அதைச் செய்ய வழி உண்டா?