தொப்பி வில்லையில் எழுத்து மாறியிருக்கிறது, போலியா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. போன மாதம் வியன்னா போயிருந்தபோது நாஷ்மார்க்ட் பக்கத்தில் சனிக்கிழமை கூடும் பழைய பொருள் சந்தையில், முதல் உலகப்போர் காலத்து ஆஸ்திரிய-ஹங்கேரியச் சிப்பாய்த் தொப்பி ஒன்று வாங்கினேன். சாம்பல் நிறக் கம்பளித் துணி, காது மடிப்பை மேலே தூக்கி முன்னால் இரண்டு சின்னப் பொத்தான்களால் மாட்டியிருக்கிறது, உள்ளே வியர்வைக் கறை. நெற்றியில் இருக்கும் வட்ட வில்லைதான் என்னைக் குழப்புகிறது. முதலாம் ஃபிரான்ஸ் ஜோசப்பைக் குறிக்க எஃப், ஜே, ஐ என்ற வரிசையில் எழுத்துகள் இருக்கும் என்று படித்திருக்கிறேன். இதில் ஐ, எஃப், ஜே என்று இருக்கிறது. யாரோ தெரியாமல் செய்த நகலா?

இன்னொன்று. அதே ஆளிடம் ஐந்து சின்னங்களும், எடல்வைஸ் என்ற மலைப்பூவின் வடிவில் ஒரு சின்னமும், காலரில் குத்தும் வெள்ளை நட்சத்திரம் இரண்டும் வாங்கினேன். எல்லாவற்றையும் தொப்பியிலேயே குத்திக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று ஆசை. பித்தளை கறுத்துப்போயிருக்கிறது, பாலிஷ் போடலாமா?

பதில் 1:
எழுத்தை வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஐ எழுத்தே அல்ல, ஒன்று என்ற ரோமன் எண். ஜெர்மன் மொழியில் மன்னர் பெயருக்குப் பின்னால் எண் வரும், ஹங்கேரிய மொழியில் எண்தான் முதலில், ஐ. ஃபெரென்ஸ் யோஷெஃப். அதாவது உங்களுடையது ஹங்கேரியின் சொந்தப் படையான ஹொன்வேத் வில்லை. பேரரசை ஆஸ்திரியா, ஹங்கேரி என்று ஒரே மன்னரின் கீழ் இரு பாதிகளாக்கிய 1867 உடன்பாட்டுக்குப் பிறகு, இரு பாதிகளுக்கும் பொதுவான படை ஒன்று, ஆஸ்திரியப் பாதிக்கு லாண்ட்வேர், ஹங்கேரிக்கு ஹொன்வேத் என்று மூன்று இருந்தன. பொதுப்படையின் கட்டளை மொழி ஜெர்மன், ஹொன்வேதில் ஹங்கேரியன், அதனால்தான் வில்லையிலும் இந்த வித்தியாசம். 1916 நவம்பர் 21-இல் கிழவர் ஃபிரான்ஸ் ஜோசப் இறந்து கார்ல் பட்டத்துக்கு வந்ததும் புது மன்னரின் கே எழுத்து வந்தது. ஆனால் எல்லாத் தொப்பியிலும் மறுநாளே மாறிவிடவில்லை, பழைய வில்லையோடே பலர் கடைசிவரை இருந்தார்கள்.

சரி, வில்லை நல்லது என்பதால் தொப்பியும் நல்லது என்று ஆகிவிடாது. 1918-க்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியா, போலந்து என்று புதிதாக வந்த நாடுகளின் ஆட்களும் கையிலிருந்த பழைய தொப்பிகளையே வில்லையை மட்டும் மாற்றிப் போட்டார்கள், அப்புறம் விற்பனைக்காக யாராவது மறுபடி பழைய வில்லையை மாட்டியிருக்கலாம். வில்லையைக் கழற்றாமல் ஓரத்தை லேசாகத் தூக்கி அடியில் பாருங்கள். அடித்துணி வெளுக்காமல் வில்லையின் அளவுக்கே வட்டமாக இருக்கிறதா, வேறு ஓட்டைகள் உண்டா? தடம் பொருந்தாவிட்டாலோ வேறு ஓட்டை இருந்தாலோ வில்லை பிறகு மாட்டியதாக இருக்கலாம். புற ஊதா விளக்கு கிடைத்தால் இருட்டில் தையலைப் பாருங்கள், நூல் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அது அந்தக் காலத்து நூல் இல்லை.

பதில் 2:
தயவுசெய்து எதையும் குத்தாதீர்கள், பாலிஷும் வேண்டாம். நான் சேர்க்க ஆரம்பித்த புதிதில் ஒரு பித்தளைச் சின்னத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டேன், அதன் குழிகளில் இருந்த நூறு வருடக் கறுப்போடு சேர்ந்து கழுகின் இறகுக் கோடுகளும் மழுங்கிவிட்டன. இன்றைக்கும் அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. போரின் பின்பாதியில் பித்தளைத் தட்டுப்பாட்டால் துத்தநாகத்திலும் இரும்பிலும் நிறையச் செய்தார்கள், அவற்றில் பாலிஷ் பட்டால் மேல்பூச்சே போய்விடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். பச்சைக் களிம்பு தெரிந்தால் மட்டும் மூங்கில் குச்சியால் மெதுவாக எடுங்கள்.

எடல்வைஸ் இந்தத் தொப்பிக்கு உரியதல்ல. அது ஆல்ப்ஸ் மலைப்பகுதியான திரோலின் மலைப்படை காலரில் குத்திய சின்னம். லாண்டஸ்ஷூட்ஸன் என்று இருந்து 1917-இல் கைசர்ஷூட்ஸன் என்று பெயர் மாறிய படை அது, ஹொன்வேதுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. வெள்ளை நட்சத்திரங்களும் காலருக்குத்தான், ஒரு பக்கத்துக்கு ஒன்று என்றால் கெஃப்ரைட்டர் (சாதாரணச் சிப்பாய்க்கு அடுத்த படி), இரண்டு என்றால் கார்ப்போரல். அவை செல்லுலாய்டாக, அதாவது அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்காக இருந்தால் இரும்புச் சின்னங்களோடு ஒரே பெட்டியில் மூடி வைக்கவே கூடாது. செல்லுலாய்டு சிதையும்போது வெளிவரும் அமில வாயு பக்கத்தில் இருக்கும் உலோகத்தை அரித்துவிடும். ஓக் மரப் பெட்டியும் வேண்டாம், அந்த மரமே அமிலம் கக்கும்.

பதில் 3:
மேலே நண்பர் சொன்னதில் ஒரு சின்ன மாற்றுக்கருத்து. தொப்பியின் இடது பக்கத்தில் குத்திக்கொண்ட சின்னங்கள் படையில் கொடுத்தவை அல்ல, சிப்பாய்கள் தாங்களாக வாங்கியவை. விதவைகள், அநாதைகள் நிதிக்காக விற்றவையும் அதில் உண்டு. அந்தக் காலப் புகைப்படங்களில் ஒரே தொப்பியில் மூன்று நான்கு இருப்பதைப் பார்க்கலாம். ஆக, தொப்பியில் சின்னம் இருப்பதே தப்பு என்று இல்லை, இந்தச் சின்னம் இந்தத் தொப்பியில் இருந்ததா என்பதுதான் கேள்வி. தொப்பிக்குள் அமிலமற்ற தாளைக் கசக்கி அடைத்து நிறுத்துங்கள், ஜன்னல் வெளிச்சம் படவேண்டாம். பாச்சை உருண்டை போடாதீர்கள், அந்து முட்டை இருக்கும் என்று சந்தேகம் வந்தால் காற்றுப் புகாத பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. வில்லைக்கு அடியில் துணி நல்ல கருஞ்சாம்பல், வேறு ஓட்டை இல்லை, நூலும் ஒளிரவில்லை. இடது பக்கத்தை விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன், இரண்டு ஊசித் துளைகளும் அவற்றைச் சுற்றி கேடய வடிவத்தில் வெளுக்காத ஒரு தடமும் இருக்கின்றன. என் ஐந்து சின்னங்களையும் தொப்பியைத் தொடாமல் மேலே பிடித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அந்த அளவுக்குப் பொருந்தவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, தடம் தெரிகிற பக்கத்தை முன்னால் திருப்பி வைத்திருக்கிறேன். நட்சத்திரங்கள் தனியாக, காகித உறையில்.