புதுப்பிப்பு: கப்பல் பஃபே, முன்பு சொன்னதில் ஒரு திருத்தம்

சொகுசுக் கப்பல் பஃபே பற்றிய முந்தைய இழையில் "வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் போதும்" என்று எழுதியிருந்தேன். அது தவறு. கப்பலில் வாந்தி, பேதியைப் பரப்பும் நோரோவைரஸிடம் ஆல்கஹால் சானிடைசர் சரியாக எடுபடாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுவதுதான் வழி.

எப்போது கழுவுவது என்பதும் முக்கியம். இடுக்கியும் கரண்டிப் பிடியும்தான் எல்லோர் கையும் படுகிற இடம். ஆகவே உள்ளே நுழையும்போது ஒருமுறை, எடுத்து முடித்தபின் இன்னொரு முறை. அப்படிக் கழுவப் போகும்போது தட்டை ஆளில்லாத மேசையில் விட்டுப் போனால், திரும்புவதற்குள் பணியாளர் எடுத்துப் போய்விடுவார்; ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும்.

இரண்டாம் முறை உணவு எடுக்கப் புதுத் தட்டு. எச்சில் தட்டில் உரசிய கரண்டி மறுபடி பொதுப் பாத்திரத்துக்குத்தான் போகும்.

அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களைச் சோதிக்கும் சிடிசி (அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம்) விதிப்படி, சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது. குளிர்ந்தது 5 டிகிரியைத் தாண்டக்கூடாது. சோதனையில் கப்பலுக்குக் கிடைக்கும் மதிப்பெண் 100-க்கு 85 அல்லது அதற்குக் கீழ் என்றால் தோல்வி. கப்பல்வாரியாக இணையத்தில் பார்க்கலாம்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் கண்ணுக்கு ஒரு அடையாளம் தெரியும்: குழம்பின் மேல் ஆடை படிந்து, ஓரம் காய்ந்திருந்தால் நெடுநேரம் கிடந்தது. அடுத்த பாத்திரம் வரும்வரை காத்திருங்கள்.

கப்பல் ஏறும் நாள் மதியம்? அறைகள் தயாராகாததால் கூட்டம் பஃபேயில்தான் குவியும். பிரதான உணவகமும் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.