கலைச்சொல் வேண்டும்: தீவனக் கள்ளியின் 'கிளாடோடு'

செ., திருப்பூர்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மானாவாரிப் பகுதிகளில் ஆடு, மாடு வளர்ப்பவர்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சப்பாத்திக்கள்ளி வகைச் செடியான ஒப்பன்ஷியாவின் முள்ளில்லாத ரகத்தைக் கோடைத் தீவனமாகப் பயன்படுத்துவது எப்படி என்பதுதான் பொருள். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒரே சொல்லில் சிக்கி நிற்கிறேன். அந்தச் செடியில் ஒன்றன்மேல் ஒன்றாக முளைத்து நிற்கும் தட்டையான பச்சைப் பகுதியை மூலத்தில் கிளாடோடு என்கிறார்கள். வெட்டுவதும் அதைத்தான், நடுவதும் அதைத்தான், நறுக்கித் தொட்டியில் போடுவதும் அதைத்தான். பள்ளிப் பாடநூலில் 'இலைத்தொழில் தண்டு' இருக்கிறது. "இலைத்தொழில் தண்டுகளை நறுக்கி வைக்கோலுடன் கலந்து போடவும்" என்று எழுதிப் பார்த்தேன். எந்த ஆட்டுக்காரரும் அடுத்த வரிக்குப் போகமாட்டார்.

தலைப்பில் 'முள்ளில்லாக் கள்ளி' என்று போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

இரா., மதுரை

அன்புள்ள செ.,

முதலில் ஒரு தெளிவு. நம் பாடநூல் மரபில் ஒப்பன்ஷியாவுக்கு உரியது பில்லோகிளேடு. அதன் தமிழ்தான் இலைத்தொழில் தண்டு. கிளாடோடு என்பது தண்ணீர்விட்டான் கிழங்குச் செடியில் ஊசி ஊசியாக இருப்பது. தீவன ஆய்வாளர்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, இரண்டையும் கிளாடோடு என்றே எழுதுகிறார்கள். ஆனால் எந்தச் சொல்லை எடுத்தாலும் அது தண்டு என்பதை விட்டுவிடாதீர்கள். உண்மையான இலை, இளம் பகுதியில் சிறு கொம்பு மாதிரித் தோன்றிச் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். தட்டையான முகத்தில் வரிசையாக இருக்கும் புள்ளிகளிலிருந்துதான் முள்ளும் பூவும் அடுத்த தட்டும் வருகின்றன. அந்தப் புள்ளிக்குக் 'கண்' என்று போடுங்கள். கரும்புக்கும் உருளைக்கிழங்குக்கும் நாம் சொல்வதுதான்.

ப., விளாத்திகுளம்

எங்க பக்கம் இதை மடல் என்றுதான் சொல்வோம். கற்றாழை மடல், தாழை மடல் மாதிரி. சிலர் பட்டை என்பார்கள். இதற்கு விவாதமே தேவையில்லை என்பது என் கருத்து.

கண்ணில் இருக்கும் பொடிமுள்ளுக்குக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறீர்கள்? 'முள்ளில்லாத' ரகத்திலும் அது கொஞ்சம் இருக்கும். கையில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது, இரண்டு நாள் உறுத்தும். அதற்குச் 'சுணை' என்ற சொல் இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

மு.க., மயிலாடுதுறை

அன்பின் செ.,

சுணை அருமையான சொல். அதில் எனக்கு மறுப்பில்லை. மறுப்பு 'மடல்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

தொல்காப்பியர் மரபியலில், புறத்தே காழ், அதாவது வைரம், உடையன புல், அகத்தே காழ் உடையன மரம் என்று பிரிக்கிறார். பிரித்த கையோடு எந்த உறுப்புப்பெயர் எதற்கு உரியது என்றும் வரையறுக்கிறார். 'தோடே மடலே ஓலை என்றா' என்று தொடங்கும் நூற்பா, இவையெல்லாம் 'புல்லொடு வரும்' என்று முடிகிறது. மடல் புல்லினத்துக்கு உரியது. நண்பர் ப. சொன்ன கற்றாழையையும் தாழையையும் பாருங்கள். பனை, தெங்கு, வாழை எல்லாவற்றையும் பாருங்கள். எல்லாமே ஒருவித்திலைத் தாவரங்கள். வழக்கில் மடல் என்று நிலைத்ததெல்லாம் அந்த வரம்புக்குள்தான் நிற்கிறது. ஒப்பன்ஷியா இருவித்திலை. அதன் தண்டை மடல் என்றால் இத்தனை காலம் குலையாத ஓர் ஒழுங்கை நாமே குலைத்தவர்களாவோம். 'தகட்டுத்தண்டு' என்று ஆளலாம். தண்டு என்பதும் நிற்கிறது, வடிவமும் தெரிகிறது.

இரா., மதுரை

ஐயா சொல்வது தாவரவியலாகவும் சரி. பனை, தாழை, வாழை, கற்றாழை நான்கும் ஒருவித்திலைதான். இதை என் வகுப்பில் சொல்லப்போகிறேன்.

ஆனால் மடல் அந்த வேலியைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது. காதுமடலுக்குக் காழ் உள்ளே, வெளியே என்ற கேள்வியே இல்லை. இங்கே நாம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதும் மடல்தான். அந்த நூற்பாவே 'நேர்ந்தன பிறவும்' என்று இடம் விட்டுத்தானே வைத்திருக்கிறது?

மு.க., மயிலாடுதுறை

'பிறவும்' என்பது புல்லுக்கு வேறு உறுப்புப்பெயர்களும் உண்டு என்பதற்காக. மடல் வேறிடத்துக்குப் போகலாம் என்பதற்காக அன்று.

வெ., நாமக்கல்

நான் கால்நடை மருத்துவன். உறுப்பின் பெயர் எதுவானாலும் எனக்குச் சம்மதம். தலைப்பைப் பற்றித்தான் பதறி எழுதுகிறேன். 'கள்ளி' வேண்டாம்.

தமிழில் கள்ளி என்றால் முதலில் மனதுக்கு வருவது சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி. எல்லாமே பால் வடிப்பவை. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வாயும் குடலும் புண்ணாகும். பெண்சிசுக் கொலை வழக்குகளில் கள்ளிப்பால் என்ற சொல் எப்படி அடிபட்டது என்று எல்லோருக்கும் தெரியும். 'கள்ளியைத் தீவனமாகப் போடலாம்' என்று அட்டையில் அச்சடித்தால், ஒருவர் கையேட்டைத் தூக்கி எறிவார். இன்னொருவர் நம்பி வேலியில் நிற்கும் திருகுகள்ளியை வெட்டி வந்து போடுவார். இரண்டாமவரை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

கையேட்டின் உள்ளடக்கத்தையும் பார்த்தேன். சொல்லுக்காக நேரம் செலவிடும் நாம், அது சுமக்க வேண்டிய செய்தியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் தட்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 40 கிலோ தின்னும் பசுவின் வயிற்றுக்குள் போகும் காய்ந்த பொருள் சுமார் 4 கிலோதான். அதில் புரதம் நூற்றுக்கு 4 முதல் 6 வரை. அதாவது ஏறக்குறைய 200 கிராம். கறவை மாட்டுக்கு அது எங்கே போதும்? சாம்பல் சத்து, அதாவது தாது உப்பு, ஐந்தில் ஒரு பங்கு வரை போகும். சுண்ணாம்புச்சத்து மிகுதி, ஆனால் அதில் பெரும்பகுதியை ஆக்சலேட் என்ற பொருள் உடம்பில் சேரவிடாமல் கட்டி வைத்திருக்கும். பாஸ்பரஸ் குறைவு. இதன் பலம் மாவுச்சத்திலும் பெக்டின் என்ற பசைப்பொருளிலும் இருக்கிறது. எளிதில் செரித்து உடனே தெம்பு கொடுக்கும்.

நார் மிகவும் குறைவு. அதைத் தனியாகப் போட்டால் அசைபோடுவது குறையும், சாணம் தண்ணீராகப் போகும், பாலில் கொழுப்பு இறங்கும். சாணம் இளகினால் நோய் என்று எண்ணி ஊசி போடச் சொல்லி ஓடி வருவார்கள். வைக்கோலோ சோளத்தட்டையோ கலந்தால் அது கட்டுப்படும். புரதத்துக்குக் கடலைக்கொடி, அகத்தி, வேலிமசால், சூபாபுல் இவற்றில் ஏதாவது ஒன்று கூடவே போக வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அது தீவனம்.

தண்ணீரைப் பற்றி மூலத்தில் ஒரே வரிதான் இருக்கிறது, அதைப் பெரிதாக்குங்கள். இதைப் போதிய அளவு தின்னும் செம்மறி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவ்வளவாகப் போகாது. துனிசியாவில் நடந்த ஆய்வுகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் கிடை ஆட்டைத் தண்ணீருக்காக நெடுந்தூரம் ஓட்டிப் போகும் கீதாரிக்குப் புரதக் கணக்கைவிட இதுதான் பெரிய செய்தி.

ப., விளாத்திகுளம்

டாக்டர் ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. எங்க ஊரில் கள்ளி என்றால் பால் வருவதுதான். பழம் பறித்துத் தின்போமே, நாக்கெல்லாம் சிவந்து போகுமே, அது நாகதாளி. இரண்டையும் யாரும் குழப்பமாட்டார்கள். 'முள்ளில்லா நாகதாளி' என்று போடுங்கள்.

யா., யாழ்ப்பாணம்

வணக்கம். எங்கட பக்கமும் நாகதாளி எண்டுதான் சொல்லுவம். ஆகவே இந்தச் சொல் பாக்கு நீரிணையின் இரண்டு கரைக்கும் பொது. வடநாட்டில் 'நாக்பனி' என்கிறார்கள், நாகத்தின் படம் என்று பொருள். தட்டின் வடிவத்தைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் பாம்புதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

'தாளி' பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டு. தாளிப்பனையின் தாளியாக இருக்கலாம். அப்படியானால் நாகதாளி என்ற பெயருக்குள்ளேயே ஒரு பனை இருக்கிறது. மடலுக்கும் வழி பிறக்கிறது. பிரேசிலின் வடகிழக்கிலும் இந்தத் தீவனச் செடியைப் 'பால்மா' என்றே அழைக்கிறார்கள்.

மு.க., மயிலாடுதுறை

யா. அவர்களின் சொல்லாய்வு சுவையானது, ஆனால் ஏற்க முடியவில்லை. தாளி ஒரு கொடி. குறுந்தொகையில் 'தாளித் தண்பவர் நாளா மேயும்' என்று வருகிறது. காலையில் மேயும் ஆ அந்தக் கொடியைத் தின்கிறது. நாகதாளி என்பதில் இருப்பது அந்தத் தாளிதான் என்று கொண்டால், தீவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. எனவே காரணம் வேறாயினும் நாகதாளியை நான் வழிமொழிகிறேன்.

கள்ளி வேண்டாம் என்பதற்கு இலக்கியச் சான்றும் தருகிறேன். 'அங்காற் கள்ளியங் காடு' என்று குறுந்தொகை பாடும் பாலை நிலத்துக் கள்ளி, ஒப்பன்ஷியாவாக இருக்கவே முடியாது. ஒப்பன்ஷியா அமெரிக்கக் கண்டத்துச் செடி. சங்கப் புலவர் எவரும் அதைக் கண்டதில்லை. பழைய சொல்லைப் பழைய செடிக்கே விட்டுவிடுவோம்.

யா., யாழ்ப்பாணம்

கொடி படரும், நாகதாளி எங்கே படர்கிறது? பனையை விட எனக்கு மனமில்லை, ஆனாலும் சொல்லில் ஒன்றுபட்டுவிட்டோம், அது போதும்.

இரா., மதுரை

ஒரு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும். மூலிகை நூல்களில் நாகதாளி என்பது ஒப்பன்ஷியா டில்லேனியை, அதாவது நம் வேலியோர முட்செடியைக் குறிக்கும். சப்பாத்திக்கள்ளி என்பதும் அதையே. கையேடு பேசுவது ஒப்பன்ஷியா பைக்கஸ் இண்டிகாவை. மத்தியப் பிரதேசத்து அம்லாகாவிலும் ஜான்சி, ஜோத்பூர் ஆய்வு நிலையங்களிலும் வளர்ப்பது இதைத்தான். இனம் வேறு.

வரலாறு ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். தென்னிந்தியாவில் டில்லேனி பெருங்காடாக மண்டிக் கிடந்தது. 1926இல் இலங்கையிலிருந்து டாக்டிலோபியஸ் ஒப்பன்ஷியே என்ற செதில்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். வெள்ளைப் பஞ்சு போல அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். நசுக்கினால் இரத்தம் மாதிரிச் சிவக்கும். சில ஆண்டுகளில் காடே போயிற்று. அதே பூச்சிதான் பிரேசிலின் பெர்னாம்புக்கோவில் தீவனத் தோட்டங்களை அழித்தது. இப்போது அங்கே அதைத் தாங்கும் ரகங்களை நடுகிறார்கள். கையேட்டில் இந்தப் பூச்சிக்கு ஒரு பத்தியாவது வேண்டும்.

மு.க., மயிலாடுதுறை

அதற்குக் 'கள்ளித் தம்பலம்' எனலாமா? தம்பலப்பூச்சியும் சிவப்பு.

இரா., மதுரை

வேண்டாம் ஐயா. தம்பலப்பூச்சி மழைக்குப் பின் மண்ணில் ஊரும் வெல்வெட் உண்ணி. அது யாருக்கும் தீங்கு செய்யாது. 'மாவுப்பூச்சி போன்ற செந்நிறச் செதில்பூச்சி' என்று விளக்கமாகவே போடலாம்.

யா., யாழ்ப்பாணம்

பூச்சி என்றதும் மடகாஸ்கர் நினைவுக்கு வருகிறது. அந்நாட்டின் தெற்கே, ஆன்ட்ராய் வட்டார மக்களின் மாடுகள் வறட்சியில் இந்தச் செடி வகையை நம்பித்தான் இருந்தன. பிரெஞ்சுக்காரர் தட்டை 'ராக்கெட்' என்பார்கள், பந்தடிக்கும் மட்டை. மலகாசி மொழியில் செடிக்கே 'ராக்கேத்தா' என்று பெயராகிவிட்டது. 1920களில் இதைப் போன்ற ஒரு செதில்பூச்சி அங்கே பரவியது. செடி அழிந்தது, மாடுகள் செத்தன, பின்னால் பஞ்சம் வந்தது. களை என்று ஒருவர் அழித்தது இன்னொருவரின் தீவனக் களஞ்சியமாக இருந்திருக்கிறது.

வெ., நாமக்கல்

இனம் வேறு என்று இரா. எழுப்பிய மறுப்புக்கு என் பதில் இது. 'முள்ளில்லா நாகதாளி' என்று படித்துவிட்டு ஒருவர் வேலியில் நிற்கும் முள்நாகதாளியை வெட்டிப் போட்டால் ஆட்டின் வாயில் முள் ஏறும். கெடுதிதான். ஆனால் முள்ளைத் தீயில் பொசுக்கினால் அதையும் தின்னலாம். டெக்சாசில் மேய்ச்சல்காரர்கள் நிற்கும் செடியிலேயே தீக்குழாயால் முள்ளைக் கருக்கி மாட்டை விட்டுவிடுவார்கள். கள்ளி என்று படித்துத் திருகுகள்ளியை வெட்டினால் திருத்த வழியில்லை. எனக்கு இந்தக் கணக்கு போதும்.

செ., திருப்பூர்

அனைவருக்கும் நன்றி. நாளை காலை கோப்பை அனுப்ப வேண்டும். செடி, 'முள்ளில்லா நாகதாளி'. முதல் பக்கத்தில் "பால் வடியும் கள்ளிகள் வேறு; அவற்றைக் கால்நடைக்குப் போடக் கூடாது" என்று கட்டம் கட்டிப் படத்தோடு போடுகிறேன். கண், சுணை இரண்டும் அப்படியே. உறுப்புக்கு 'மடல்'. முதல்முறை வரும் இடத்தில் மட்டும் "மடல், அதாவது தகடு போல் தட்டையான தண்டு" என்று எழுதுகிறேன். ஐயா பொறுத்தருள வேண்டும்.

மு.க., மயிலாடுதுறை

கட்டம் கட்டுவது நல்லது. மடலை நான் ஏற்கவில்லை. 'தகட்டுத்தண்டு' என்பதை இக்குழுமத்தின் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகவாவது ஏற்றி வையுங்கள்.

ப., விளாத்திகுளம்

ஏற்றிவிட்டேன் ஐயா. மடலுக்கு அடுத்த வரியில் இருக்கிறது.

வெ., நாமக்கல்

செ., அச்சுக்குப் போகும் முன் ஒன்று. 14ஆம் பக்க அட்டவணையில் புரதம் 5 விழுக்காடு என்று மட்டும் இருக்கிறது. 'காய்ந்த எடையில்' என்று சேருங்கள். 'உலர்பொருள் அடிப்படையில்' என்று போட்டால் புரியாது. அந்தச் சொல் இல்லாவிட்டால் 100 கிலோ பச்சை மடலில் 5 கிலோ புரதம் இருப்பதாகக் கணக்குப் போட்டுவிடுவார்கள். இருப்பது அரைக் கிலோ.