ஹீமோகுளோபின் பாடத்துக்கு ஒரு செய்முறை சொல்லுங்களேன்

வணக்கம். பதினோராம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். ரத்தத்தில் வாயுக்கள் போகும் பாடத்தில் ஒரு இடத்தில் உங்கள் உதவி வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு பகுதி சிக்கலில்லை. சுமார் 70 சதவீதம் பைகார்பனேட்டாகப் போகிறது, 20 முதல் 25 சதவீதம் ஹீமோகுளோபினின் புரதப் பகுதியில் ஒட்டிக்கொள்கிறது, மீதி பிளாஸ்மாவில் கரைகிறது. சுண்ணாம்புத் தெளிநீரில் ஸ்ட்ரா வைத்து ஊதச் சொன்னால் பால் மாதிரி வெளுக்கும். பிள்ளைகளும் குஷியாகிவிடுவார்கள்.

தகராறே ஆக்சிஜனின் அந்த 'எஸ்' வளைவில்தான், அதாவது ஆக்சிஜன் அழுத்தத்துக்கு ஏற்ப ஹீமோகுளோபின் எவ்வளவு நிரம்புகிறது என்று காட்டும் வரைபடத்தில். நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தம் 100 மி.மீ. பாதரசம், ஹீமோகுளோபின் 97 சதவீதம் நிரம்பியிருக்கிறது. திசுவில் அழுத்தம் 40க்கு இறங்கியும் 75 சதவீதம் அப்படியே இருக்கிறது. "முக்கால்வாசியை இறக்காமலே திரும்புதா சார்? எதுக்கு?" என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி! ஓடும்போது தசையில் அழுத்தம் இன்னும் குறையும், அமிலமும் சூடும் கூடும், அப்போது அந்தக் கையிருப்பு இறங்கும் என்றேன். அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் கூடினால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுலபமாக விட்டுவிடும் என்ற போர் (Bohr) விளைவையும் சொன்னேன். தலையாட்டினார்கள், புரிந்த மாதிரி தெரியவில்லை.

முதல் ஆக்சிஜன் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பில் ஒட்டியதும் புரதத்தின் வடிவம் மாறி, அடுத்தவை சுலபமாக ஒட்டுகின்றன அல்லவா? அதைக் கையால் தொட்டுக் காட்ட காந்தம், அட்டை என்று யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? படம் அனுப்பினால் ரொம்ப உதவியாக இருக்கும். தமிழ் விளக்கத்தோடு அனிமேஷன் இருந்தாலும் சரி. எங்கள் ஆய்வகத்தில் பெரிதாக எதுவும் கிடையாது, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.