தரம் குறைந்த சுண்ணாம்புக்கல்லை ஒதுக்கித்தான் ஆக வேண்டுமா?

சுரங்கப்புதியவன்:
சிமெண்ட் ஆலையை ஒட்டிய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வடக்குப் பக்கம் அருமையான கல், கால்சியம் ஆக்சைடு 51 சதவீதம் வரை வருகிறது. தெற்கே 39தான், நடுநடுவே களிமண் பட்டை வேறு. ஒரு மூலையில் மெக்னீசியா (மெக்னீசியம் ஆக்சைடு) 5 சதவீதத்தைத் தாண்டுகிறது. சீனியர்களைக் கேட்டால் "எல்லாத்தையும் கலந்து ஓட்டு" என்கிறார்கள். நல்ல கல் கையில் இருக்கும்போது மட்டமான கல்லைக் கலந்து சிமெண்டை ஏன் கெடுக்க வேண்டும்? செலவைக் குறைக்கத்தானா, இல்லை இதில் வேறு கணக்கு இருக்கிறதா?

லேப்வாசி:
மட்டமான கல் என்று முதலில் யார் சொன்னது? சூளைக்குப் போகும் ரா மீலில் (அரைத்த கல் கலவைத் தூளில்) நமக்குத் தேவைப்படும் கால்சியம் ஆக்சைடே 43 சதவீதம் சுற்றித்தான். மிச்சத்தில் சிலிக்கா, அலுமினா, இரும்பு மூன்றும் அளவோடு இருந்தால்தான் 1450 டிகிரியில் சுண்ணாம்போடு சேர்ந்து கிளிங்கர் (அரைத்தால் சிமெண்டாகும் கட்டி) ஆகும். சுத்தமான சுண்ணாம்புக்கல்லை மட்டும் எரித்தால் வெறும் சுட்ட சுண்ணாம்புதான் வரும். ஆக, வடக்குக் கல்லை மட்டும் வெட்டினால் சிலிக்காவுக்கும் அலுமினாவுக்கும் களிமண்ணை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும், அந்தக் களிமண்தான் உங்கள் தெற்குப் பக்கத்தில் கல்லோடு கல்லாகவே கிடக்கிறதே!

கணக்குப் போட்டுப் பாருங்கள்: 51 கல் 3 பங்கு, 39 கல் 5 பங்கு கலந்தால் 43.5. இரும்புத் தாதோ லேட்டரைட்டோ (இரும்பு நிறைந்த செம்பாறை) கொஞ்சம் சேர்க்க இடம் வேண்டும் என்பதால் நல்ல கல்லை இன்னும் சற்றுக் கூட்டுவோம், அவ்வளவுதான். நல்லதை முதலில் தீர்த்துவிட்டால் மிஞ்சும் கல்லை வைத்து சூளையை ஓட்டவே முடியாது, சுரங்கத்தின் ஆயுளே பாதியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. சிலிக்கா எந்த வடிவில் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். களிமண்ணில் இருக்கும் சிலிக்கா சூளையில் சுலபமாகச் சுண்ணாம்போடு சேரும். குவார்ட்ஸ் மணலாக இருந்தால் சதவீதம் அதேதான், ஆனால் பருமனான துகள் சுண்ணாம்போடு முழுசாகச் சேராது, மைக்ரோஸ்கோப்பில் கிளிங்கரைப் பார்த்தால் ஒவ்வொரு மணல் துகள் இருந்த இடத்திலும் பெலைட் (மெதுவாக வலுப்பெறும் கால்சியம் சிலிகேட் படிகம்) கொத்துக் கொத்தாக நிற்கும்.

சூளைக்காரன்_77:
மேலே சொன்னது சரி, ஆனால் சூளைப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். கல் 43 ஆக இருந்தாலும் 45 ஆக இருந்தாலும் சமாளிக்கலாம். காலையில் 43, மதியம் 46, சாயங்காலம் 41 என்று வந்தால் செத்தோம். சுண்ணாம்பு திடீரென்று ஏறினால் எரியக் கஷ்டப்படும், ஃப்ரீ லைம் (சேராமல் மிஞ்சும் சுண்ணாம்பு) 1, 1.5 சதவீதத்தில் நிற்க வேண்டியது 3-க்குப் போகும், மணிக்கு மணி லேப்பில் கிளிங்கரைச் சலித்து லிட்டர் எடை (ஒரு லிட்டர் கிளிங்கரின் எடை) போடுவார்களே, 1250 கிராம் வாக்கில் நிற்பது சரசரவென்று இறங்கும். நாம் பதறிப்போய் நிலக்கரியைக் கூட்டுவோம். அது வேலை செய்ய ஆரம்பிக்கும்போது பார்த்தால் தெற்குக் கல் வந்து சேர்ந்திருக்கும், எளிதில் எரியும் மீல், ஓவர் பர்னிங், சூளையின் உட்செங்கல்மேல் படிந்திருக்கும் கோட்டிங் பெயர்ந்து விழுந்து செங்கலில் சூடு ஏறும். சூளையின் வெளி இரும்பு ஷெல்லில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் சூளையை நிறுத்த வேண்டியதுதான்.

அதனால் உங்கள் சீனியர் சொன்ன "கலந்து" என்ற வார்த்தைக்குப் பின்னால் பெரிய வேலை இருக்கிறது. எந்த டம்பர் எந்த பெஞ்சிலிருந்து (சுரங்கப் படியிலிருந்து) க்ரஷருக்குப் போகிறது என்ற வரிசையில் தொடங்கும். அடுத்து குவியல் போடும் ஸ்டேக்கர் முன்னும் பின்னும் ஓடி மெல்லிய அடுக்குகளாக நூற்றுக்கணக்கில் கொட்டும், குவியலிலிருந்து எடுக்கும் ரீக்ளைமர் குறுக்காகச் சீவும்போது எல்லா அடுக்கிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வந்துவிடும். அப்புறம் சைலோவில் காற்றடித்து இன்னொரு முறை கலப்பது. இவ்வளவு செய்தும் குவியலின் இரண்டு நுனியிலும் பருமனான கல் ஒதுங்கி நிற்கும், அதை எடுக்கும் ஷிஃப்டில் லேப்பும் சூளையும் சண்டை போடாத ஆலையை நான் பார்த்ததில்லை.

சுரங்கப்புதியவன்:
ரொம்ப நன்றி. மெக்னீசியா மூலையை என்ன செய்வது? அதையும் கலந்துவிடலாமா?

லேப்வாசி:
அதில் மட்டும் கை வைக்கும்போது ஜாக்கிரதை. ரா மீலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும், அதனால் மிச்சமிருப்பதெல்லாம் கிளிங்கரில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். 5 சதவீதக் கல்லை மட்டுமே ஓட்டினால் கிளிங்கரில் 7.5 வரை போகும். பெரும்பாலான விதிமுறைகளில் உச்சவரம்பு 5 அல்லது 6. அதற்கு மேல் போனால் பெரிக்ளேஸாக (தனி மெக்னீசியாப் படிகமாக) தங்கிவிடும், அது தண்ணீரோடு சேர வருஷக்கணக்கில் எடுத்துக்கொண்டு, கான்கிரீட் இறுகி முடிந்த பிறகு உள்ளுக்குள் வீங்கி விரிசல் விடும். ஆட்டோகிளேவ் சோதனை (உயர் அழுத்த நீராவியில் வைத்து வீக்கத்தைப் பார்ப்பது) வைத்திருப்பதே இதைப் பிடிக்கத்தான். மற்ற கல்லோடு சிறு பங்காகப் போடலாம், அந்த மூலையைத் தனியாக வெட்டி ஒரே ஷிஃப்டில் தள்ளிவிடாதீர்கள்.

பச்சைக்கிளிங்கர்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இந்த மாதிரிக் கல்லுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, சுடாமலே பயன்படுத்துவது. எல்சி3 என்கிற சிமெண்ட் கலவையில் சதவீதக் கணக்கில் கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, அரைத்த சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 என்பது வழக்கமான அளவு. அந்த 15-க்குச் சூளைத் தரக் கல் தேவையில்லை. டோலமைட் (மெக்னீசியம் உள்ள கல்) கலந்திருந்தாலும் சூளைக்குள் போகாததால் பெரிக்ளேஸ் உருவாக வழியில்லை. சிமெண்ட் ஆலையின் கார்பனில் பெரும்பங்கு எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்தே வருகிறது. ஒரு டன் சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 440 கிலோ காற்றில் போகும், எந்த எரிபொருளை மாற்றினாலும் அது மாறாது. சுடாத கல் எவ்வளவோ அவ்வளவும் லாபம்.

சூளைக்காரன்_77:
எல்சி3-க்கு உங்கள் ஆலை எப்போது மாறும் என்று காத்திருக்க வேண்டாம் தம்பி. நாளைக்கே செய்யக்கூடியது: துளை போடும்போது வெளியே குவியும் தூளை ஒவ்வொரு துளையிலும் எடுத்து லேப்புக்கு அனுப்புங்கள், ரிசல்ட் வராமல் வெடி வைக்க விடாதீர்கள். மழைக்காலத்தில் தெற்குப் பக்கக் களிமண் க்ரஷரில் அப்பிக்கொள்ளும், அந்த மாதங்களுக்கு வேண்டியதை முன்கூட்டியே வெட்டிக் குவித்து வைத்துவிடுங்கள்.