கொழுந்து நிறுக்கும் இடத்தில் உண்மையாயிருத்தல்

கேள்வி:
இலங்கையின் அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில், பறித்துவரும் கொழுந்தை நிறுக்கும் வேலையில் இருக்கிறேன். மழைநாளில் ஈரத்துக்கென நியாயமாகக் கழிப்பதற்கும் மேலாக, ஒவ்வொருவரின் கொழுந்திலும் இரண்டு கிலோ குறைத்தெழுதும்படி மேலதிகாரி சொல்கிறார். ஞாயிறு ஆராதனையில் பாடிவிட்டு, திங்களன்று இதை எப்படிச் செய்வேன்?

பதில் 1:
சகோதரரே, சரியான தராசும் படிக்கல்லும் வேண்டுமென்று லேவியராகமம் 19:36 கட்டளையிடுகிறது. பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதாக யாக்கோபு 5:4 கூறுகிறது. குறைத்தெழுதாதீர்கள்.

பதில் 2:
தம்பிக்கு வேலை போனால் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்பதையும் நாம் எண்ண வேண்டும். தனியாக எதிர்த்து நிற்காமல், தராசு முள்ளைக் கொழுந்து பறிக்கும் அக்காமார் பார்க்கும்படி நிறுத்து, எடையை உரக்க வாசித்து, அவர்கள் கண்முன்னே எடைத் துண்டுச்சீட்டில் எழுதுங்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடமும் சொல்லிவையுங்கள்.

பதில் 3:
இதுவரை குறைத்தெழுதியிருந்தால்? லூக்கா 19:8இல், வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருவதாகச் சொன்னான். மன்னிப்புக் கேட்பதுடன் நிறுத்திக்கொள்வது, என் பார்வையில், போதாது.