மனப்பாடம் பண்ணினா ஒப்பிக்கிற மாதிரி இருக்கு, பண்ணலைன்னா தடம் மாறுது. என்ன வழி?

புதுமேடை:
12 நிமிஷம் பேசணும். சுமார் 150 பேர் உட்காரும் அரங்கம், பேச்சு மேசையில் மைக். முழுசா எழுதி மனப்பாடம் பண்ணினா பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிற மாதிரி இருக்கு, ஒரு வரி மறந்தா அடுத்த எதுவும் வர மாட்டேங்குது. வெறும் குறிப்போட பேசினா "வந்து... அதாவது..."ன்னு இழுக்குது. பதிவு பண்ணிக் கேட்டா எனக்கே தூக்கம் வருது, ஏன்னு பிடிபடலை. "தன்னம்பிக்கையோட பேசுங்க" தவிர வேற என்ன இருந்தாலும் சொல்லுங்க.

குறிப்பட்டை:
எழுதுறதுல தப்பில்லை, எழுதுற நடைதான் தப்பு. பேனா எடுத்தாலே "கருத்தில் கொள்ள வேண்டியதன் அவசியம்" மாதிரி வந்து விழும். அதை யாரும் வாயால பேசுறதில்லை. அதனால முதல்ல போனில் பேசிப் பதிவு பண்ணுங்க, அப்புறம் அதைக் கேட்டு எழுதுங்க. ஒரே மூச்சுல முடியாத வாக்கியத்தை ரெண்டாக்குங்க. "பார்த்து, யோசித்து, கலந்து பேசி, முடிவெடுத்து"ன்னு அடுக்கிக்கிட்டே போனா, எப்போ முடியும்னு கேட்கிறவங்க காத்துக்கிட்டே இருப்பாங்க.

சொல்லுக்குச் சொல் மனப்பாடம் முதல் நாலு வாக்கியத்துக்கும் கடைசி மூணுக்கும் மட்டும். நடுவுல மூணு கருத்து போதும். தொடக்கம் 1 நிமிஷம், கருத்துக்கு 3 நிமிஷம் வீதம் 9, முடிவு 1. மிச்சம் 1 நிமிஷத்தைத் தொடாதீங்க. மைக்கைச் சரிபண்ணுறது, சிரிப்பு, கைதட்டல் எல்லாம் அதைத் தின்னுடும்.

குறிப்புக்கு அஞ்சலட்டை அளவில் கெட்டி அட்டை அஞ்சு, ஒரு பக்கம் மட்டும் எழுதி, மூலையில் எண் போடுங்க. முழு வாக்கியமா எழுதினா கண்ணு வாசிக்க ஆரம்பிச்சுடும், அதனால ரெண்டு மூணு சொல் போதும். பெயர், எண், மேற்கோள் இதுக்கு விலக்கு. இன்னொரு விலக்கு, ஒரு கருத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவுற இணைப்பு வாக்கியம். தடம் மாறுறது பெரும்பாலும் அங்கேதான், அதை முழுசா எழுதி வைங்க. பெரிய தாள் வேண்டாம், கை லேசா நடுங்கினாலே படபடக்கும்.

ஒத்திகையை நின்னுக்கிட்டு, சத்தமா பாருங்க. தடவைக்குத் தடவை வார்த்தை மாறினா நல்லதுதான். எப்பவும் முதல்லேர்ந்தே ஆரம்பிச்சா தொடக்கம் மட்டும் மெருகேறும், பின்பாதி தள்ளாடும். சில தடவை மூணாவது அட்டையிலிருந்தோ நாலாவதிலிருந்தோ ஆரம்பிங்க.

கடைசிவரிசை:
தூக்கம் வருவதற்குக் காரணம் அநேகமாக வாக்கிய முடிவு. தமிழில் வினை கடைசியில் வருகிறது, ஆமா இல்லையா என்பதும் கடைசியில்தான் தெரிகிறது. "இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட..." வரை உரக்கச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிப் பாருங்கள். சாப்பிடலாமா, கூடாதா? பின்வரிசைக்குத் தெரியாது. இப்படி நாலு வாக்கியம் நழுவினால் அவர்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

சோதிக்க எளிய வழி உண்டு. போனை அறையின் எதிர்மூலையில் வைத்துப் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசிச் சொல்லை மட்டும் கவனியுங்கள். அது தேய்கிறதென்றால் மூச்சு தீர்ந்துபோகிறது. வாக்கியத்தைச் சுருக்குங்கள், தொடங்கும் முன்பே மூச்சை எடுங்கள்.

"வந்து", "அதாவது" வருவது இரண்டு வாக்கியத்துக்கு நடுவில். அந்த இடத்தில் உதட்டை மூடி மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். இழுக்கும்போது பேச வராது, இழுவையும் நின்றுவிடும். இரண்டு விநாடி மௌனம் பேசுகிறவருக்குத்தான் யுகமாகத் தெரியும். 1924-இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற மேடைப்பேச்சுப் பயிற்சி மன்றங்களில் இந்த இழுவைச் சொற்களை எண்ணுவதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார். நண்பர் ஒருவரிடம் தாளும் பென்சிலும் கொடுத்துக் கோடு போடச் சொன்னாலே பாதி குறையும்.

எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் சொல்வதும் தாலாட்டுதான். எண், புதுப் பெயர், முடிவு வரும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். தெரிந்த விஷயத்தை விரைவாகக் கடந்துவிடுங்கள்.

ஒலிமேசை:
மைக்கைப் பத்தி யாரும் பேசலையே. மேசையில வளைகழுத்து மைக்னா வாய்க்கும் மைக்குக்கும் கிட்டத்தட்ட ஒரு சாண் இருக்கட்டும். நேரா வாய்க்கு எதிரே வேண்டாம், தாடைக்குக் கீழே சாய்ச்சு வைங்க. இல்லன்னா ப, ம்ப வரும்போதெல்லாம் காத்து மோதி "டப் டப்"னு கேக்கும். கைமைக்னா ரெண்டு மூணு விரல் தூரம், வலைத்தலையைக் கையால பொத்தக் கூடாது. பொத்தினா சுத்திலும் இருந்து சத்தத்தை இழுத்துக் கீச்சுனு கத்தும். ஸ்பீக்கருக்கு முன்னாடி போய் நின்னாலும் அதே கதைதான்.

தட்டிப் பார்க்கிறது, ஊதிப் பார்க்கிறது வேண்டாம். கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே போய், நிஜமா பேசப்போற அளவு சத்தத்துல முதல் வாக்கியத்தைச் சொல்லுங்க. மெதுவா "ஹலோ"ன்னா அதுக்கேத்த மாதிரிதான் ஒலியை வைப்பாங்க.

புதுமேடை:
நன்றி. கண்ணை எங்கே வைக்கிறது? வாய் வறண்டு போறதுக்கு என்ன பண்ணலாம்?

கடைசிவரிசை:
தலைகளுக்கு மேலே பார்க்கச் சொல்லும் பழைய யோசனையை நான் ஏற்க மாட்டேன், முன்வரிசைக்கு அது பட்டென்று தெரிந்துவிடும். அரங்கை இடது, நடு, வலது, பின்பக்கம் என்று பிரித்துக்கொண்டு, ஒரு வாக்கியம் முடியும்வரை ஒரே முகம். முதல் முகம் பின்பக்கத்தில் இருந்தால் குரலும் தானாக அங்கே போகும்.

வறட்சி பதற்றத்தால் வருவது. குளிர்ச்சியில்லாத தண்ணீரை அட்டை மாறும் இடத்தில் ஒரு மிடறு குடியுங்கள். கனைப்பது தொண்டையை இன்னும் உறுத்தும். பேர் கூப்பிடும் முன் நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்தாறு முறை போதும்.

குறிப்பட்டை:
ஒண்ணு விட்டுப்போச்சு. கேள்வி நேரம் இருந்தா, மனப்பாடம் பண்ணின அந்தக் கடைசி மூணு வாக்கியத்தைக் கேள்விக்கு அப்புறம் வைங்க. முன்னாடியே சொல்லிட்டா, கடைசிக் கேள்வி மண்டபத்துல ஏசி சரியில்லைங்கிறதா இருந்தா, உங்க பேச்சும் அதுலயே முடிஞ்சுடும்.